சமன்பாட்டுத் தொகுப்புக்கு எத்தனை தீர்வு இருக்கலாம்? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை கணக்கில் சந்தேகம் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிகிறது. தீர்வு எத்தனை இருக்கும், ஏன் அத்தனைதான் என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். அந்தச் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். தெரியாத எண்களுக்கு, அதாவது மாறிகளுக்கு, க, ச, ட என்று எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் வரும் எக்ஸ், ஒய், இசட்தான் இவை.

தீர்வுன்னா சரியா என்ன? ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் தனித்தனியா விடை கண்டுபிடிக்கணுமா?

வேண்டாம். தொகுப்பில் இருக்கும் எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே சமயத்தில் சரியாக்கும் எண்கள்தான் தீர்வு. டீக்கடையில் 2 டீயும் 1 வடையும் 40 ரூபாய், 1 டீயும் 1 வடையும் 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டீ விலை க, வடை விலை ச என்றால் 2க + ச = 40, க + ச = 25. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் க = 15, அப்புறம் ச = 10.

இங்கே (15, 10) என்ற ஜோடி முழுவதும் சேர்ந்துதான் ஒரு தீர்வு. 15 ஒன்று, 10 ஒன்று, ஆக இரண்டு தீர்வு என்று எண்ணுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அப்படி எண்ணினால் கீழே வரும் எதுவும் புரியாது, அதனால் இதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

ரெண்டு சமன்பாடு, ரெண்டு மாறி. அப்போ கண்டிப்பா ஒரே ஒரு விடைதானே வரும்?

அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அதே கடையில் முதல் பில் 2 டீ, 1 வடை, 40 ரூபாய். இரண்டாவது பில் 4 டீ, 2 வடை, 80 ரூபாய். இரண்டாவது பில்லிலிருந்து புதிதாக என்ன தெரிந்தது? ஒன்றுமே இல்லை, முதல் பில்லை இரண்டு மடங்காக்கினால் அதுதான். டீ 15, வடை 10 என்றும் இருக்கலாம், டீ 12, வடை 16 என்றும் இருக்கலாம், முடிவே இல்லாமல் சொல்லிக்கொண்டே போகலாம். அதுவே இரண்டாவது பில் 90 ரூபாய் என்று வந்திருந்தால் இரண்டு பில்லுக்கும் சேர்ந்து ஒத்துவரும் விலையே கிடையாது.

ஆகவே எண்ணவேண்டியது சமன்பாடுகளை அல்ல. அடுத்த சமன்பாடு புதிதாக ஏதாவது சொல்கிறதா, சொன்னதையே சொல்கிறதா, முன்னால் சொன்னதை மறுக்கிறதா, இதைத்தான் பார்க்கவேண்டும். பெரிய கணித மேதைகளே இதை ஒரு புதிர் வழியாகத்தான் வந்தடைந்தார்கள். 9 புள்ளிகள் கொடுத்தால் ஒரு முப்படி வளைவு (மூன்றாம் படிச் சமன்பாடு தரும் வளைவு) முடிவாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், ஆனால் இரண்டு வேறு வேறு முப்படி வளைவுகள் 9 புள்ளிகளில் வெட்டிக்கொள்ளவும் முடியும், அப்படியென்றால் அந்த 9 புள்ளிகள் வழியாக இரண்டு வளைவுகள் போகின்றனவே! 1750ஐ ஒட்டி ஆய்லர் இதற்குக் கொடுத்த விளக்கம் நம் டீக்கடை விளக்கம்தான்: 9 நிபந்தனைகளில் ஒன்று மற்றவற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கலாம். அதற்கு அவர் காட்டிய சிறிய உதாரணம் 3க − 2ச = 5, 4ச = 6க − 10. இரண்டும் ஒரே சமன்பாடு, வேறு வேஷத்தில்.

படம் வரைஞ்சு பாத்தா இது தெரியுமா?

நன்றாகவே தெரியும். இரண்டு மாறி உள்ள ஒவ்வொரு நேரியல் சமன்பாடும், அதாவது வர்க்கமோ மாறிகளின் பெருக்கலோ இல்லாத சமன்பாடும், ஒரு நேர்கோடு. இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டினால் ஒரு தீர்வு, இணையாகப் போனால் தீர்வு இல்லை, ஒன்றின் மேல் ஒன்று பொருந்திவிட்டால் எண்ணிக்கையற்ற தீர்வுகள். நான்காவதாக ஒரு நிலை இல்லை.

கெழுக்களோட விகிதத்த வச்சுப் பாக்குற விதி எப்பவும் சரியா வருமா?

கெழு என்பது மாறியின் முன்னால் நிற்கும் எண். க-வின் கெழுக்களின் விகிதமும் ச-வின் கெழுக்களின் விகிதமும் வேறாக இருந்தால் ஒரு தீர்வு. அவை இரண்டும் சமமாக இருந்து மாறிலிகளின் விகிதம் மட்டும் வேறானால் தீர்வு இல்லை. மூன்றும் சமம் என்றால் எண்ணிக்கையற்ற தீர்வுகள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஏதாவது ஒரு கெழு 0 ஆக இருந்தால் வகுக்கப் போகாதீர்கள், குறுக்குப் பெருக்கல் செய்து ஒப்பிடுங்கள்.

கணக்கு போட்டுக்கிட்டே வந்தா 0 = 0ன்னு வருது. அப்போ எந்த எண்ணப் போட்டாலும் சரியா?

எந்த எண்ணும் சரி என்று ஆகாது. 0 = 0 என்றால் ஒரு சமன்பாடு வீணாகிவிட்டது, மீதி இருப்பது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. டீக்கடை உதாரணத்தில் மிஞ்சுவது 2க + ச = 40. டீ 15, வடை 10 சரி. டீ 15, வடை 11 தப்பு. எண்ணிக்கையற்ற தீர்வுகள் வேறு, எல்லாமே தீர்வு என்பது வேறு.

விடை எழுதும்போது "எண்ணிக்கையற்ற தீர்வுகள்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. க = த என்று வைத்து, ச = 40 − 2த, த எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம் என்று எழுதுங்கள். அப்போதுதான் எந்த எந்த ஜோடிகள் என்று படிக்கிறவருக்குத் தெரியும். டீ விலை எதிர்மறையாக இருக்க முடியாது என்பதெல்லாம் கடைக்கான நிபந்தனை, சமன்பாட்டுக்கு அது தெரியாது. தேவை என்றால் நாம்தான் தனியாகச் சேர்க்கவேண்டும்.

0 = 10ன்னு வந்தா நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தமா?

கூட்டல் கழித்தலை ஒருமுறை சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் தப்பு உங்களுடையதல்ல. "இதற்குத் தீர்வு இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டுதான் நீங்கள் கணக்கைத் தொடங்கினீர்கள், படிப்படியாகச் சரியாக நடந்து 0 = 10 என்ற பொய்யில் வந்து நின்றீர்கள் என்றால் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டதுதான் பொய். ஆகவே தீர்வு இல்லை. இது முழுமையான விடை. பலர் இந்த இடத்தில் பயந்து முழுவதையும் அடித்துவிட்டு வேறு வழியில் தொடங்குகிறார்கள். அடிக்காதீர்கள்.

க = 0, ச = 0 வந்தா அதுவும் 'தீர்வு இல்லை' தானே?

அது ஒரு தீர்வு. 0 ஒரு எண், (0, 0) ஒரு புள்ளி. வலப்பக்கம் எல்லாமே 0 ஆக இருக்கும் தொகுப்பை எடுத்தால் எல்லா மாறிக்கும் 0 போட்டாலே சரியாக வந்துவிடும், அதற்குப் பெயர் வெளிப்படைத் தீர்வு. அதனால் இந்த வகைத் தொகுப்புக்கு "தீர்வு இல்லை" என்ற விடை வரவே முடியாது. வெளிப்படைத் தீர்வு மட்டும்தானா, அதோடு எண்ணிக்கையற்ற மற்றவையும் உண்டா என்பது மட்டும்தான் கேள்வி.

ஏன் சரியா ரெண்டு தீர்வோ அஞ்சு தீர்வோ வரக் கூடாது? ஒண்ணு, இல்லன்னா முடிவே இல்லாமன்னு ஏன் இப்படி?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கோடு வரைந்து காட்டினால் இரண்டு மாறிக்குப் புரிந்துவிடும், ஆனால் 50 மாறி இருந்தால் எப்படி வரைவது? வரையவே வேண்டாம். ஒரு நேரியல் தொகுப்புக்கு இரண்டு வேறு தீர்வுகள் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தச் சராசரியும் ஒரு தீர்வு!

ஏனென்று மேலே வந்த கணக்கிலேயே பார்க்கலாம். 2க + ச = 40 என்பதற்கு (15, 10), (12, 16) இரண்டும் சரி. சராசரி (13.5, 13). 27 + 13 = 40. நேரியல் சமன்பாட்டில் வர்க்கமோ இரண்டு மாறிகளின் பெருக்கலோ இல்லாததால், தீர்வுகளைச் சராசரியாக்கினால் இடப்பக்கமும் அப்படியே சராசரியாகும், 40க்கும் 40க்கும் சராசரி 40தானே. இப்போது முதல் தீர்வுக்கும் இந்தப் புதிய தீர்வுக்கும் சராசரி எடுங்கள், இன்னொன்று கிடைக்கும். அதற்கும் முதலாவதற்கும் எடுங்கள், இன்னொன்று. நிற்கவே நிற்காது. பாதியில்தான் என்றுகூட இல்லை, இரண்டு தீர்வுகளையும் சேர்க்கும் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தீர்வுதான். ஆகவே இரண்டு கிடைத்த உடனேயே எண்ணிக்கையற்றதாகிவிடும், 5 என்று நிற்க இடமே இல்லை. மாறிகள் 50 ஆனாலும் 5,000 ஆனாலும் இதே வாதம் போதும்.

மாறி மூணு, சமன்பாடு ரெண்டு. இதுக்கு விடையே வராதா?

வரலாம், ஆனால் ஒரே ஒரு விடை மட்டும் வராது. மூன்று மாறி உள்ள நேரியல் சமன்பாடு ஒரு தளம். இரண்டு தளங்கள் இணையாக விலகிப் போகலாம், ஒரு கோட்டில் வெட்டலாம், அல்லது ஒன்றாகவே இருக்கலாம். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சந்திக்க அவற்றால் முடியாது. பொதுவாகவே மாறிகளைவிடச் சமன்பாடுகள் குறைவாக இருந்தால் நேரியல் தொகுப்புக்குத் தீர்வே இருக்காது, அல்லது எண்ணிக்கையற்ற தீர்வுகள் இருக்கும்.

நேரியல் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். க² + ச² + ட² = 0 என்பது ஒரே சமன்பாடு, மாறி மூன்று, மெய்யெண்களில் தீர்வு (0, 0, 0) ஒன்றே ஒன்றுதான்.

அப்போ சமன்பாடு அதிகமா இருந்தா தீர்வு இருக்காதா?

மூன்று கோடுகள் பெரும்பாலும் ஒரு முக்கோணத்தை உண்டாக்கும், மூன்றுக்கும் பொதுப்புள்ளி இருக்காது. ஆனால் மூன்றும் ஒரே புள்ளி வழியாகப் போகவும் செய்யலாம். க + ச = 25, 2க + ச = 40, க − ச = 5 மூன்றுக்கும் (15, 10) பொருந்துகிறது. அதனால் அதிகம் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அளவீடு செய்து வரும் எண்களில் இந்த நிலைமை தினமும் வரும். ஒவ்வொரு அளவீட்டிலும் சிறு பிழை இருப்பதால் சமன்பாடுகள் துல்லியமாக ஒத்துவராது, கண்டிப்பாகப் பார்த்தால் தீர்வு இல்லை. அப்போது எல்லாச் சமன்பாடுகளிலிருந்தும் விலகும் அளவை வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள்வார்கள். இந்த மீச்சிறு வர்க்க முறையை லெஜாந்தர் 1805இல் வெளியிட்டார், காஸ் 1809இல் தன் நூலில் எழுதினார். அது தொகுப்பின் தீர்வு அல்ல, தீர்வு இல்லாத இடத்தில் கிடைக்கும் மிக நல்ல ஒப்பந்தம்.

எந்த ரெண்டு தளமும் இணையா இல்ல, ஆனாலும் தீர்வு இல்லன்னு விடை போட்டிருக்கு. எப்படி?

க + ச = 2, ச + ட = 3, க − ட = 5 என்ற மூன்றைப் பாருங்கள். எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு கோட்டில் வெட்டும். ஆனால் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் க − ட = −1, மூன்றாவதோ 5 என்கிறது. மூன்று வெட்டுக்கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு முக்கோணப் பட்டகத்தின் விளிம்புகளைப் போல நிற்கின்றன. இங்கே சண்டை இரண்டு சமன்பாடுகளுக்கு இடையில் இல்லை, மூன்றும் சேரும்போதுதான் வெளியே வருகிறது. அதனால்தான் மூன்று மாறி என்றால் இரண்டிரண்டாக விகிதம் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. வலப்பக்கம் 5க்குப் பதில் −1 இருந்திருந்தால் மூன்றும் ஒரே கோட்டில் வெட்டி எண்ணிக்கையற்ற தீர்வுகள் வந்திருக்கும்.

கிராமர் விதியில எல்லா அணிக்கோவையும் 0 வந்தா எண்ணிக்கையற்ற தீர்வுன்னு மனப்பாடம் பண்ணிட்டேன். போதும்ல?

மூன்று மாறிக்குப் போதாது. கெழுக்களைச் சதுரமாக அடுக்கி அதிலிருந்து கணக்கிடும் ஒரு எண்தான் அணிக்கோவை. கெழுக்களுக்கு ஒன்று, ஒவ்வொரு மாறியின் கெழுக்களுக்கும் பதில் வலப்பக்கத்தைப் போட்டு ஒவ்வொன்று, இவற்றை வைத்துத் தீர்வு காண்பதுதான் கிராமர் விதி. க + ச + ட = 1, க + ச + ட = 2, க + ச + ட = 3 என்று எடுங்கள். கெழு அணிக்கோவை 0, மற்ற மூன்று அணிக்கோவைகளும் 0. ஆனால் ஒரே கூட்டுத்தொகை எப்படி 1 ஆகவும் 2 ஆகவும் 3 ஆகவும் இருக்கும்? தீர்வு இல்லை. கெழு அணிக்கோவை 0 இல்லையென்றால் ஒரே தீர்வு என்பது உறுதி. அது 0 ஆகி மற்றவற்றில் ஒன்றாவது 0 இல்லையென்றால் தீர்வு இல்லை என்பதும் உறுதி. எல்லாமே 0 என்றால் கிராமர் விதி வாய் திறக்காது, அவ்வளவுதான்.

அங்கிருந்து அணித் தரம் பக்கம் போகவேண்டும். ஒவ்வொரு சமன்பாட்டின் எண்களையும் ஒரு நிரையாக வைத்து அணியாக எழுதுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மாறிகளை நீக்கும் காஸ் நீக்கல் முறையில் நிரைகளைச் சுருக்குங்கள். கெழு அணியின் தரமும் வலப்பக்கத்தையும் சேர்த்த விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரமும் வேறென்றால் தீர்வு இல்லை. சமமாக இருந்து மாறிகளின் எண்ணிக்கையோடும் ஒத்துப்போனால் ஒரே தீர்வு, குறைவாக இருந்தால் எண்ணிக்கையற்றவை. தரம் என்பது வேறொன்றும் இல்லை, மேலே பில் கணக்கில் "புதிதாக ஏதாவது சொல்கிறதா" என்று பார்த்தோமே, புதிதாகச் சொல்லும் சமன்பாடுகள் எத்தனை என்ற எண்ணிக்கைதான் அது.

'ம-வின் எம்மதிப்புகளுக்கு'ன்னு கேக்குற கணக்க எங்க ஆரம்பிக்கிறது?

ம × க + ச = 1, க + ம × ச = 1 என்ற ஒரே கணக்கில் மூன்று நிலையும் வந்துவிடும், அதனால் இதைப் போட்டுப் பழகுங்கள். அணிக்கோவை ம² − 1. அது 0 இல்லாதபோது, அதாவது ம என்பது 1, −1 இரண்டும் இல்லாதபோது, ஒரே தீர்வு: க, ச இரண்டுமே 1/(ம + 1). ம = 1 என்றால் இரண்டும் க + ச = 1 என்றே ஆகிவிடும், எண்ணிக்கையற்ற தீர்வுகள். ம = −1 என்றால் −க + ச = 1, க − ச = 1, கூட்டினால் 0 = 2, தீர்வு இல்லை. அணிக்கோவையை 0 ஆக்கும் மதிப்புகளைக் கண்டுபிடித்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மதிப்புகள் ஒவ்வொன்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் எது எந்த நிலை என்று தெரியும்.

தியரிப்படி ஒரே தீர்வுதான். ஆனா தசமத்த லேசா மாத்தினா விடை எங்கேயோ போகுது, ஏன்?

க + ச = 2, க + 1.001ச = 2 என்றால் தீர்வு (2, 0). இரண்டாவதன் வலப்பக்கத்தை 2.001 ஆக்குங்கள், தீர்வு (1, 1). ஆயிரத்தில் ஒரு பங்கு மாறியதற்கு விடை முழுதாக ஒன்று நகர்ந்துவிட்டது. கோடுகள் இரண்டும் கிட்டத்தட்ட இணை, அதனால் ஒன்றைத் துளி அசைத்தாலும் வெட்டும் புள்ளி தூரமாக ஓடிவிடும். தீர்வு ஒன்றேதான் என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் அளந்து எடுத்த எண்களை வைத்து இப்படி ஒரு தொகுப்பைத் தீர்த்தால் அந்த விடையை நம்பாதீர்கள்.

வர்க்கம் வந்தா இந்த விதியெல்லாம் என்ன ஆகும்?

சராசரி வாதம் உடைந்துவிடும், எனவே 2, 3, 4 எல்லாம் வரலாம். க² + ச² = 25 என்ற வட்டத்தோடு க + ச = 7 சேர்ந்தால் (3, 4), (4, 3) என்று இரண்டு. 3க + 4ச = 25 தொடுகோடு, ஒன்று. க + ச = 10 வட்டத்தைத் தொடவே தொடாது. அதிகபட்சம் எத்தனை என்று பெசூ 1779இல் வெளியான தன் நூலில் சொன்னார்: இரண்டு வளைவுகளுக்குப் பொதுப் பகுதி எதுவும் இல்லையென்றால், படிகளை (சமன்பாட்டில் வரும் மிகப் பெரிய அடுக்குகளை) பெருக்கி வரும் எண்ணுக்கு மேல் போகாது. பரவளையமும் வட்டமும் 2 × 2 = 4 வரை. இரண்டு வட்டங்கள் மட்டும் ஏன் 2க்கு மேல் வெட்டுவதில்லை என்றால், ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தாலே வர்க்கங்கள் போய் ஒரு நேர்கோடு மிஞ்சிவிடும்.

ஜிபிஎஸ் கணக்கிலும் இதே கழித்தல் வேலை செய்கிறது. இடத்துக்கு மூன்று, கருவியின் கடிகாரப் பிழைக்கு ஒன்று என நான்கு மாறி, நான்கு செயற்கைக்கோள். ஒன்றிலிருந்து மற்றவற்றைக் கழித்தால் மூன்று நேரியல் சமன்பாடுகளும் ஒரு இருபடிச் சமன்பாடும் மிஞ்சும், அதனால் பொதுவாக இரண்டு விடை. பெரும்பாலும் ஒன்று நாம் நிற்கும் இடம், மற்றது பூமியை விட்டு எங்கோ.

பெருக்கினால் போதும் என்று அவசரப்படவும் கூடாது. கொடுத்த ஐந்து கூம்பு வளைவுகளையும் (வட்டம், நீள்வட்டம், பரவளையம் போன்றவை) தொடும் கூம்பு வளைவுகள் எத்தனை என்ற கேள்விக்கு 1848இல் ஸ்டைனர் 6 × 6 × 6 × 6 × 6 = 7776 என்றார். 1864இல் ஷாஸ்ல் சரியான எண் 3264 என்று காட்டினார். இரட்டைக் கோடாகச் சிதைந்துபோன வளைவுகளும் அந்தப் பெருக்கலுக்குள் புகுந்துவிட்டிருந்தன. −1இன் வர்க்கமூலத்தையும் ஏற்கும் கலப்பெண்களையும் சேர்த்து எண்ணினால்தான் 3264 வரும்.

முழு எண்ணா மட்டும் விடை வேணும்னா?

அப்போது எல்லாம் மாறும். சீனாவில் சாங் சியூஜியன் 5ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் இருக்கும் நூறு கோழிக் கணக்கு: சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு 3க்கு 1 காசு, 100 காசுக்கு 100 வாங்கவேண்டும். மூன்று மாறி, இரண்டு சமன்பாடு, மெய்யெண்களில் எண்ணிக்கையற்ற தீர்வுகள். குஞ்சுகளை நீக்கினால் 7 × சேவல் + 4 × பெட்டை = 100. சேவல் 4, பெட்டை 18, குஞ்சு 78. அல்லது 8, 11, 81. அல்லது 12, 4, 84. சேவலே வாங்காமல் விட்டால் 0, 25, 75. ஆக நான்குதான், மூன்று வகையும் வேண்டுமென்றால் மூன்றுதான். சராசரி எடுத்தால் (4, 18, 78)க்கும் (8, 11, 81)க்கும் நடுவில் பதினாலரைப் பெட்டை வந்து நிற்கும், அதை யாரும் விற்க மாட்டார்கள்.

ஒரே சமன்பாட்டுக்கு முழு எண்ணிலேயே முடிவில்லாத தீர்வுகள் வருவதும் உண்டு. க² − 92ச² = 1 என்பதற்கு பிரம்மகுப்தர் 628இல் கண்ட விடை 1151, 120. ஒன்று கிடைத்தால் அதையே தன்னோடு சேர்த்து அடுத்ததைச் செய்யும் முறையும் அவருடையதுதான். 92க்குப் பதில் 61 போட்டால் 0 அல்லாத மிகச் சிறிய தீர்வே 1766319049, 226153980. இதை 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் கொடுத்திருக்கிறார்.

நேரியல்னா 0, 1, இல்ல எண்ணிக்கையற்றது. இதுக்கு விதிவிலக்கே இல்லையா?

எண்களையே மாற்றினால் உண்டு. 1995இல் வந்த லைட்ஸ் அவுட் என்ற விளையாட்டில் 5 × 5 விளக்குகள், ஒன்றை அழுத்தினால் அதுவும் மேல், கீழ், இட, வலப் பக்கத்து விளக்குகளும் எரிவது அணையும், அணைந்தது எரியும். எல்லாவற்றையும் அணைக்கவேண்டும். ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்துவது அழுத்தாததற்குச் சமம், எனவே 1 + 1 = 0 என்று கொள்ளும் எண்களில் இது 25 மாறி, 25 நேரியல் சமன்பாடு. அணித் தரம் 25 இல்லை, 23. அதனால் தொடக்க நிலைகளில் நான்கில் ஒன்றுக்கு மட்டும்தான் தீர்வு உண்டு, தீர்வு உள்ள ஒவ்வொன்றுக்கும் சரியாக 4 தீர்வுகள்.

4 எப்படி வந்தது, முன்னால் முடியாது என்றோமே? அந்த வாதத்தில் இரண்டைக் கூட்டி 2ஆல் வகுத்தோம். இங்கே 2 என்பதே 0, வகுக்க வழியில்லை. தீர்வுகளைச் சேர்க்கும் கோட்டிலும் இரண்டே புள்ளிகள்தான்.

கம்ப்யூட்டர்ட்ட குடுத்தா எத்தன தீர்வுன்னு அதுவே சொல்லிடாதா?

நேரியல் என்றால் சொல்லிவிடும், நீக்கல் முறை எப்போதும் முடிந்துவிடும். மாறிகளின் அடுக்குகளும் பெருக்கல்களும் வரும் பல்லுறுப்புச் சமன்பாடுகளுக்கு மெய்யெண்களில் தீர்வு உண்டா என்று சொல்லவும் நிச்சயமான வழிமுறை உண்டு, டார்ஸ்கி நிறுவியது, கணக்கு மிகப் பெரிதாகிவிடும் என்பதுதான் சிக்கல். முழு எண் தீர்வு உண்டா என்று எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் சொல்லும் வழிமுறையைத்தான் ஹில்பர்ட் 1900இல் கேட்டார். 1970இல் மத்தியசேவிச், மூன்று பேர் முன்னால் செய்துவைத்த வேலையை முடித்து, அப்படி ஒரு பொது வழிமுறை இருக்கவே முடியாது என்று நிறுவினார்.

சின்னச் சமன்பாட்டிலேயே அந்தக் கஷ்டம் தெரியும். க³ + ச³ + ட³ = 42 என்பதற்கு (எதிர்மறை எண்களையும் சேர்த்து) முழு எண் தீர்வு உண்டு என்பது 2019இல்தான் தெரிந்தது, மூன்று எண்களும் 17 இலக்கம். வலப்பக்கம் 9ஆல் வகுத்து மீதி 4 அல்லது 5 வரும் எண்ணாக இருந்தால் தீர்வு இல்லை என்று ஒரு வரியில் காட்டிவிடலாம். 114க்கு மீதி 6, ஆகவே அந்தத் தடை இல்லை, ஆனாலும் இதை எழுதும்வரை ஒரு தீர்வும் கிடைக்கவில்லை, இல்லை என்ற நிரூபணமும் வரவில்லை.